போத்தல் பேப்பர்காரரிடம் போகும் ஸ்பூல் நாடாக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் பழைய வீடுகளை இடித்துவிட்டு மாடிக் குடியிருப்புக் கட்டும் வேலை ஓய்வதாயில்லை. வீடு வெறுமையாகும்போது தளபாடத்துக்கும் புத்தகத்துக்கும் யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கும், ரேப் ரெக்கோடரில் ஓடும் ஸ்பூல் நாடாக்களைத்தான் கேட்பாரில்லை. போட்டுக் கேட்க மெஷின் இல்லை; உள்ளே என்ன இருக்கிறதென்று பெட்டியில் எழுதியும் வைக்கவில்லை. கடைசியில் போத்தல் பேப்பர்காரரின் சாக்குக்குள் போகின்றன. பழைய பிரித்தானிய ரொக் குழுக்களின் வானொலி ஒலிபரப்புகளைச் சேகரித்துச் சீர்செய்பவர்கள் என்ற முறையில், அந்தச் சாக்கைக் கட்டுமுன் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை எழுதுகிறோம்.

லெட் செப்பலின் குழுவின் ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். 1969 மார்ச் 19 அன்று லண்டன் மைடா வேல் கலையகத்தில் பீபீசி உலக சேவைக்காக அவர்கள் மூன்று பாடல்களை வாசித்தார்கள். அலெக்சிஸ் கோர்னர் நடத்திய ரிதம் அண்ட் புளூஸ் நிகழ்ச்சியில் அவை ஏப்ரல் 14 அன்று ஒலிபரப்பாயின. இங்கே அது சித்திரைப் புத்தாண்டுக் காலம். மூன்றில் ஒன்றான ‘சன்ஷைன் வுமன்’ அவர்களுடைய கலையக இசைத்தட்டு எதிலும் கிடையாது. மூல நாடா பீபீசியிடம் எஞ்சவில்லை. ஆகவே 1997இல் வெளிவந்த பீபீசி பதிவுகளின் இரட்டை இறுவட்டில் அந்த அமர்வுக்கு இடமில்லாமற் போயிற்று. 2016 செப்டெம்பரில் மூன்று இறுவட்டுகளாக விரித்து வெளியிட்டபோதுதான் அது சேர்ந்தது. யாரோ ஒரு நேயர் தன் வானொலிப் பெட்டியிலிருந்து பிடித்து வைத்திருந்த நாடாவே அதற்கு மூலம். இரைச்சலும் அலை மங்கலும் அதில் அப்படியே கேட்கின்றன. ஆனாலும் உலகத்தில் அந்தப் பாடலுக்கு அதைவிட்டால் வேறு சாட்சி இல்லை.

இப்படி நேயர் கையில் பிழைத்தவை ஒன்றிரண்டல்ல. இசைத்தட்டுகளை ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஒலிபரப்பலாமென்று அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் கட்டுப்பாடு இருந்தது. மிகுதி நேரத்தை நிரப்பவே குழுக்களைக் கலையகத்துக்கு அழைத்து வாசிக்கவைத்தார்கள். ஒலிபரப்பு முடிந்ததும் நாடாவை அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குப் பாவித்தார்கள். நாடா விலை கூடிய பொருள். 1962 மார்ச்சுக்கும் 1965 ஜூனுக்கும் இடையில் பீட்டில்ஸ் குழு பீபீசி வானொலியில் 88 வெவ்வேறு பாடல்களை மொத்தம் 275 தடவை வாசித்தது. 1994இலும் 2013இலும் வந்த அதிகாரபூர்வ தொகுப்புகள் அதில் ஒரு பங்குதான். அந்தப் பங்கிலும் சில, வீட்டில் ரேப் ரெக்கோடர் வைத்திருந்தவர்களின் தயவால் வந்தவை.

இதற்கும் கொழும்புக்கும் என்ன தொடர்பென்று கேட்கலாம். உலக சேவை என்பதே பிரித்தானியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சிற்றலையில் அனுப்பப்பட்டது. பீபீசியின் தமிழ் நிகழ்ச்சியான ‘தமிழோசை’யை எந்தப் பெட்டியில் கேட்டார்களோ, அதே பெட்டியில், அதே இரவில், ஆங்கில நிகழ்ச்சியும் வந்தது. வீட்டில் ஒரு குருண்டிக் அல்லது பிலிப்ஸ் ரேப் ரெக்கோடர் இருந்தால் செய்தியையும் பாட்டையும் அதே நாடாவில்தான் பதிந்தார்கள். ஒரு தடத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, மறுதடத்தில் லண்டன் என்று கலந்து கிடப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனத்தின் குரலையும் கே.எஸ். ராஜாவின் குரலையும் தேடுகிறவர்களும் நாங்களும் ஒரே நாடாவைத்தான் தேடுகிறோம்.

இனி, ‘சீர்செய்யப்பட்டது’ என்று பெயரிட்டுக் கைமாறும் பதிவுகளைப் பற்றி. எங்களுக்கு மிகுந்த வேதனை தருவது இதுவே. கிடைக்கும் பத்துப் பிரதிகளில் பெரும்பாலானவை சீர்செய்ததால் கெட்டவை. மேளத்தோடு வைக்கும் சிம்பல் என்னும் உலோகத் தட்டைத் தட்டியபின் ஓசை மெல்ல அடங்கும் அந்த இரண்டு விநாடியைக் கவனித்துக் கேளுங்கள். நல்ல பிரதியில் அது இரைச்சலுக்குள் கரைந்து போகும். கெட்டதில் தண்ணீருக்கடியில் சில்லறை குலுக்குவதுபோல் குளுகுளுவென்று நடுங்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறி இழுத்ததன் அடையாளம் அது. ‘கிளிக்’ நீக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டால் மேளத்தின் முதலடி மழுங்கும். திடீரென எழும் எந்த ஓசையும் அந்த மென்பொருளுக்குக் கீறலாகவே தெரிகிறது. லெட் செப்பலினின் மேளக்காரர் ஜோன் பொன்ஹாமின் மேளத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. ஒற்றைத் தடப் பதிவை இரண்டாகப் பிரித்துப் பொய் ஸ்டீரியோ ஆக்குவது இன்னொரு வழக்கம். இரண்டையும் திரும்ப ஒன்றாகச் சேர்த்தால் பாடகரின் குரல் குழிக்குள் விழுந்ததுபோல் ஆகிவிடும்.

பிரதியின் பூர்வீகத்தைக் கண்ணாலும் பார்க்கலாம். ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்தால் எந்த அதிர்வெண் வரை ஓசை இருக்கிறதென்று படமாகத் தெரியும். 16 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால், அது பெரும்பாலும் எப்போதோ எம்பி3 ஆக நசுக்கப்பட்டு, பிறகு பெரிய கோப்பாக மாற்றப்பட்டது. 19 கிலோஹேர்ட்ஸில் மெல்லிய நேர்கோடு ஓடினால் பண்பலை ஸ்டீரியோ ஒலிபரப்பிலிருந்து பிடித்தது என்று கொள்ளலாம். சிற்றலையில் பிடித்த பதிவில் ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே இசை என்று எதுவும் இருக்க வழியில்லை. அப்படிப்பட்ட பதிவு பளபளவென்று ஒலித்தால் யாரோ புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் பொருள்.

ஆகவே நாங்கள் வற்புறுத்துவது ஒன்றைத்தான். நாடாவிலிருந்து முதலில் எடுக்கும் பிரதியில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். அதை அப்படியே பத்திரப்படுத்துங்கள். சீர்செய்வதை அதன் நகலில் பிறகு செய்யலாம், பத்து வருடம் கழித்தும் செய்யலாம். கொழும்பின் வெக்கையிலும் ஈரத்திலும் நாடாதான் காத்திருக்காது.

நாடாவைக் கையில் எடுத்தால் முதலில் மணந்து பாருங்கள். வினாகிரி வாசம் அடித்தால் அது அசிற்றேற் நாடா, சிதையத் தொடங்கிவிட்டது. சுற்றிய ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியும்: அசிற்றேற் என்றால் ஒளி ஊடுருவும், பொலியெஸ்டர் என்றால் இருளாக இருக்கும். அசிற்றேற் பட்டென்று அறும், ஆனால் அறுந்த இடத்தைச் சேர்த்துவிடலாம். பொலியெஸ்டர் இழுபட்டு நீளும். நீண்ட துண்டில் இருந்த ஓசையை எவராலும் மீட்கமுடியாது. எதுவானாலும் வேகமாகச் சுற்றவேண்டாம். அறுந்ததை ஒட்டுவதற்கு அதற்கென்றே உள்ள ஒட்டுநாடா வேண்டும். சாதாரண செலோடேப்பின் பசை வெக்கையில் உருகி அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

விளிம்பில் வெள்ளையாக நூல்போலவோ மாப்போலவோ படிந்திருந்தால் பூஞ்சணம். அதை மெஷினில் போட்டால், நாடாவை வாசிக்கும் ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் தொற்றும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, உலர்ந்த மென்துணியால் துடைக்கவேண்டும், ஈரத்துணி ஆகாது. வெயிலில் காயவைப்பதும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு, நிலத்திலிருந்து உயர்த்தி, ஸ்பூலைப் புத்தகம்போல நிறுத்திவைத்தால் போதும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம், அதற்குள் காந்தம் இருக்கிறது.

ஓடும்போது கீச்சிட்டு ஹெட்டில் பிசின்போல ஒட்டும் நாடாக்களும் உண்டு. 1970களின் நடுப்பகுதியிலிருந்து வந்த சில அமெரிக்க வகைகள் ஈரத்தை உறிஞ்சி இப்படி ஆகின்றன. 54 பாகை செல்சியஸ் அளவில் சில மணித்தியாலம் சூடாக்கினால் கொஞ்சக் காலம் ஓடும். ஆனால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் சமையலறை ஓவனில் முயலவேண்டாம். அசிற்றேற் நாடாவை எக்காரணம் கொண்டும் சூடாக்கக்கூடாது.

மெஷின் விடயத்தில்தான் நம் ஊரில் அதிகம் தவறுகிறார்கள். பல வருடம் சும்மா கிடந்த ரேப் ரெக்கோடரின் பெல்ட் தார்போல உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். மின்சாரம் கொடுக்குமுன் திறந்து, பழைய பெல்ட்டைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்துவிட்டுப் புதியதைப் போடவேண்டும். பழைய பெல்ட்டின் சுற்றளவை நம்பி அளக்கவேண்டாம், அது நீண்டிருக்கும். கப்பிகளைச் சுற்றி நூல் போட்டு அளந்து, அதிலிருந்து ஏறத்தாழ 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மெஷினென்றால் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. மின்னின் அதிர்வெண்ணை வைத்து ஓடும் மோட்டார், இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 110 வோல்ற் மாற்றியை மாட்டுவதால் இது சரிவராது. கப்பியையோ, நாடாவை இழுக்கும் தண்டான கப்ஸ்டனையோ 50 ஹேர்ட்ஸுக்கு மாற்றவேண்டும். அன்று அப்படிப்பட்ட மெஷினில் இங்கே பதிந்த நாடாவை இன்று சரியான மெஷினில் போட்டால் 20 சதவீதம் வேகமாக ஓடும். அறிவிப்பாளர் சின்னப்பிள்ளைக் குரலில் பேசினால் நாடா பழுதென்று எறிந்துவிடாதீர்கள்.

வீட்டுப் பதிவுகள் பெரும்பாலும் ஒரே நாடாவில் நான்கு தடங்களாக இருக்கும். ஒன்றும் மூன்றும் ஒரு திசையில் ஓடுபவை. இரண்டும் நான்கும் எதிர்த்திசையில். நான்கு தட ஸ்டீரியோ மெஷினில் போட்டால் ஒன்றையும் மூன்றையும் ஒரேயடியாக எடுக்கும். இடது காதில் கிற்றாரும் வலது காதில் தமிழ்ச் செய்தியும் கேட்டால் பதறவேண்டாம், அவை தனித்தனி நிகழ்ச்சிகள். இரண்டையும் பிரித்துச் சேமியுங்கள். பின்னணியில் யாரோ தலைகீழாகப் பேசுவதுபோல் கேட்டால் இரண்டு தட ஹெட்டில் போட்டிருக்கிறீர்கள். வேறு மெஷின் தேடவேண்டும். 1,200 அடி நீளமுள்ள 7 அங்குல ஸ்பூல், விநாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 64 நிமிடம் ஓடும். புரட்டிப் போட்டு மறுபக்கமும் எடுக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு நாடாவுக்கும் ஹெட்டின் சாய்வை, மெக்கானிக்குகள் அசிமத் என்பார்களே, அதைச் சரிபார்க்கவேண்டும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக அப்படியும் இப்படியும் திருப்பி, ‘ச’கர ஓசைகள் எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் இழந்த கூர்மையை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

கணினிக்கு எடுக்கும்போது மடிக்கணினியின் மைக் துவாரம் வேண்டாம். யூஎஸ்பியில் மாட்டும் தனி ஒலி இடைமுகம் ஒன்று போதும். 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்பது ஒலிச் சுவடிக்கூடங்களில் வழக்கமான அளவு. இரண்டு தடங்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 2 ஜிகாபைற் பிடிக்கும். ஃபிளாக் வடிவில் வைத்தால் அது நன்றாகக் குறையும், ஓசையில் இழப்பில்லை. உச்ச ஓசை -6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தானாக அளவை ஏற்றி இறக்கும் வசதி எதுவாயினும் நிறுத்திவிடுங்கள். சிற்றலையில் குரல் மங்கும்போதெல்லாம் அது இரைச்சலைத் தூக்கிவிடும், கேட்பதற்கு யாரோ மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். மின்வெட்டுக்கு யூபிஎஸ்ஸை மெஷினுக்கும் சேர்த்துப் போடுங்கள். நாடா நடுவில் நின்று இழுபட்டால் நட்டம் நாடாவுக்குத்தான்.

வேகம் சரியா என்று பார்க்க நாடாவிலேயே அளவுகோல் இருக்கிறது. மணி அடிக்கும் நேரத்தில் பீபீசி தரும் ‘பிப்’ ஓசைகள் ஒவ்வொரு விநாடிக்கு ஒன்றாக வருபவை, சுருதி 1,000 ஹேர்ட்ஸ். அது 1,030 என்று காட்டினால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது, அதாவது ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி. திருத்தும்போது 1,000ஐ 1,030ஆல் பிரிக்கவேண்டும், ஆகவே குறைக்கவேண்டியது 2.9 சதவீதம். வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைப் பாவியுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை தாளத்தைப் பிழையாகவே விட்டுவிடும். இதே ஓசைகள் காலத்தையும் சொல்லும். 1971 டிசெம்பர் 31 தொடக்கம் ஆறாவது பிப் நீண்டது. அதற்கு முன் ஆறும் ஒரே அளவு. பிப் பதிவாகாத நாடாவில், மின்சாரத்தால் பதிவில் கலந்த 50 ஹேர்ட்ஸ் முரல் உதவும். ஆனால் அந்த முரல் நாடாவில் உள்ளதா, இன்றைய மெஷினிலிருந்து வருவதா என்று நாடாவை நிறுத்திப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நகலில் சீர்செய்வதானால் குறைவாகச் செய்யுங்கள். சிற்றலைப் பதிவில் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டினாலே பாதி இரைச்சல் அடங்கும், இசை குறையாது. பக்கத்து நிலையத்தின் விசில் ஓசையை அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஒடுக்கமாக வெட்டுங்கள்.  ஓடாசிட்டியின் இரைச்சல் நீக்கியை 6 டெசிபெல்லில் வைத்து, சிம்பலைக் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

வெட்டக்கூடாதவையும் உண்டு. பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் அறிவிப்பு, நிலையத்தின் பெயர், பாதியில் நின்றுபோன செய்தி, எல்லாம் திகதிக்கான சான்று. சிலர் வானொலிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்திருப்பார்கள். அதில் காகம் கரையும், கடற்கரைப் பாதையில் ரயில் போகும், உள்ளேயிருந்து யாரோ சாப்பிடக் கூப்பிடுவார்கள். லண்டனில் வாசித்த இசை வெள்ளவத்தை வீடொன்றில் எப்படிக் கேட்டது என்பதற்கு அதைவிடத் துல்லியமான பதிவு வேறெங்கும் இருக்காது.

ஒவ்வொரு கோப்போடும் ஒரு சிறு குறிப்பு எழுதிவையுங்கள்: என்ன நாடா, எந்த மெஷின், என்ன வேகம், யார் எப்போது எடுத்தார், நகலில் என்னென்ன மாற்றம். இந்தக் குறிப்பு இல்லாத பிரதி சேகரிப்பாளருக்கு அரைப் பெறுமதிகூடப் பெறாது. உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. நாடா உங்களுடையது, இசை உங்களுடையதல்ல. இறுவட்டில் பதித்து விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம். எங்களில் எவரும் அதைச் செய்வதில்லை, செய்பவர்களிடம் வாங்குவதுமில்லை. தமிழ் நிகழ்ச்சிகள் இருந்தால் நம்மவர் ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலக நிறுவனத்துக்கு அறியத்தருவது நல்லது.

வீட்டை ஒப்படைக்கும் திகதி நெருங்கிவிட்டதென்றால் மேலே சொன்ன எதற்கும் நேரம் இருக்காது. அப்போது ஸ்பூலைப் பெட்டியோடும், பெட்டிக்குள் கிடக்கும் கடதாசித் துண்டோடும் சேர்த்து எடுத்துவையுங்கள். யார் பதிந்தது, எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருப்பதைக் கேட்டு, பென்சிலால் பெட்டியில் எழுதிவிடுங்கள். மெஷினைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
வானொலி ஒலிப்பதிவுச் சேகரிப்பாளர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.